பனியில் ஒரு கமேலியா

யப்பானிய மை ஓவியத்தில் பனிக்கு நிறம் கிடையாது. கடதாசியை வெறுமையாக விட்டால் அதுதான் பனி. வகுப்புக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் பழக்குவது இதைத்தான்.

என் பெயர் இமெல்டா. பனி கொட்டுகிற இந்த லவால் நகரத்தில், வீட்டிலேயே வகுப்பு நடத்துகிறேன். பொலிசில் இருந்து வந்து நீங்கள் விசாரிக்கிற பற்றிக் என் தங்கை செலீனின் புருசன். 2003 தை மாதம் செலீன் வீட்டுப் பின்பக்கத்து பல்கனியில் விறைத்துக் கிடந்தாள். அடுத்தநாள் ஆஸ்பத்திரியில் இறந்தாள். கதவு தானாகப் பூட்டுப்பட்டுவிட்டது, தான் நல்ல நித்திரை என்று பற்றிக் பொலிசுக்குச் சொன்னார். கோயிலில் சனம் அவருக்காக அழுதது. நானும் பக்கத்தில் நின்றேன்.

சாக முதல் செலீன் என்னிடம் சொன்னாள்: "கறிக்கு உப்புக் கூடிப்போச்சாம், அக்கா. கண்ணாடிக்குள்ளால என்னைப் பாத்துக்கொண்டுதான் பூட்டினவர்."

அதைப் பொலிசுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சில வருடம் உள்ளே இருந்துவிட்டு வந்திருப்பார்.

நாலு வருடத்துக்குப் பிறகு, நெஞ்சு ஒப்பரேசன் முடிந்து என்னைத் தேடி வந்தார். "மனசை அமைதியா வச்சிருக்கட்டாம் எண்டு டொக்டர் சொல்லுறார், அக்கா. எனக்கும் கீறப் பழக்கிவிடுங்கோ."

பழக்கினேன். பைன் மரம் என்றால் நீண்ட ஆயுள். கொக்கும் அப்படித்தான். சோடித் தாரா வாத்து, பிரியாத புருசன் பெண்சாதி. அதைக் கீறும்போது அவருடைய கோடு வளைந்துபோகும், நான் மணிக்கட்டைப் பிடித்துக் கொடுப்பேன். கமேலியா இதழ் இதழாக உதிராது, வெட்டின தலைபோல முழுப்பூவாக விழும், அதனால் நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் அதைக் கொண்டுபோக மாட்டார்கள் என்பதையும் சொல்லிக்கொடுத்தேன். ஒரு ஆளைப் படத்தால் பயப்படுத்த வேண்டுமென்றால் முதலில் அவருக்குப் படத்தை வாசிக்கப் பழக்கவேண்டும். அவர் கெட்டிக்காரர், கெதியாகப் பிடித்துக்கொண்டார்.

போன மார்கழியில் ஒருநாள், மற்ற ஆக்கள் போனபிறகு, அவரை நிற்கச் சொல்லி ஒரு படத்தை விரித்தேன். வெறும் கடதாசி. மேலே பல்கனிக் கம்பி. கீழே, முழுதாக விழுந்த ஒரு சிவப்புக் கமேலியா.

கம்பியில் இருந்து பூ வரைக்கும் விரலைக் கொண்டுபோனார்.

"இது ஆருக்கு, அக்கா?"

"உங்களுக்கெண்டுதான் கீறினது."

நெஞ்சைப் பொத்திக்கொண்டு கதிரையில் சரிந்தார். நாக்குக்குக் கீழே அடிக்கிற மருந்து ஜக்கெற்றுக்குள் இருக்கு, எடுத்துத் தாங்கோ என்றார். எடுத்தேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு, அண்டைக்குக் கதவை ஆர் பூட்டினது என்று கேட்டேன். உண்மையைச் சொன்னால் தருவன் என்றேன்.

அவர் வாய் திறக்கவில்லை, அதனால்தான் மருந்து கொடுக்கச் சுணங்கிவிட்டது என்று நேற்று உங்களுக்குச் சொன்னேன். தங்கைக்கு நியாயம் கேட்டேன், வேறொன்றும் இல்லை என்றும் சொன்னேன்.

அது சரியில்லை. அவர் உடனேயே சொன்னார். "நான்தான் பூட்டினனான், அக்கா." தெளிவாகத்தான் சொன்னார். எனக்குக் கேட்கவில்லை என்று சொல்லி, இன்னொருக்கால் சொல்லச் சொன்னேன். மூச்சு இருந்தமட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.