மூன்று நாள் ராணி

ஓடுகிறோம். மூன்று பேர். நான், மகள் ஷபானா, கறுப்புப் பர்தாவுக்குள் என் வீட்டுக்காரர். சனிக்கிழமை. காலை பத்தே கால். பின்னால் சோடா பாட்டில் உடைகிறது. ஒன்று. இரண்டு. அப்புறம் எண்ண முடியவில்லை. எங்கோ ஒரு ஷட்டர் கடகடவென்று இறங்குகிறது.

"பொம்பளைங்கெல்லாம் சந்துக்குள்ள ஓடுங்க! ஓடுங்க!" மாடியிலிருந்து யாரோ கத்துகிறார்கள். என் வீட்டுக்காரரும் எங்களோடு ஓடுகிறார்.

அவர் இந்தக் கோலத்துக்கு வந்தது என்னால்தான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வியாழக்கிழமை மதியம், கலவரம் என்று கோயம்புத்தூரில் ஊரடங்கு போட்டார்கள். எங்கள் வளவில் ஏழு வீடு, ஒரே வாசல். ஆண்களைக் கண்டால் கூட்டம் அடிக்கிறது, போலீஸ் லாரியில் ஏற்றுகிறது என்று சேதி வந்தது. ஏழு வீட்டு ஆண்களும் பரணிலும் கட்டிலுக்கு அடியிலும் போய்ப் படுத்தார்கள். பால், தண்ணீர், போலீஸ்காரரிடம் கெஞ்சல், எல்லாம் நாங்கள். என் வீட்டுக்காரர் சிக்கந்தர், கிரைண்டர் பட்டறையில் கல் கொத்துகிறவர். எவ்வளவு பெரிய கல்லையும் ஒற்றை ஆளாகப் புரட்டுவார். பரணில் தும்மல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

குழந்தைகள் அழக் கூடாது. அதற்காக விளையாட்டுக்கு ஒரு ராஜ்ஜியம் கட்டினேன். வளையல் நாடு என்று பேர். அங்கே ஆள்வது ராணி. மந்திரி, நீதிபதி, சேனாதிபதி எல்லாரும் பெண்கள். ஆண்கள் வாசல் தாண்ட ராணியிடம் சீட்டு வாங்க வேண்டும். ஆணின் சிரிப்பு அடுத்த வீட்டுக்குக் கேட்கக் கூடாது. பெண்கள் பேசும் சபையில் ஆண் வாய் திறந்தால் அன்று அவனுக்குச் சோறு கிடையாது.

இதில் என் கற்பனை ஒன்றுமில்லை. எட்டு வருசமாக அவர் எனக்குப் போட்ட சட்டங்கள். ஆளை மாற்றிப் போட்டேன், அவ்வளவுதான். பரணிலிருந்து அவரும் சிரித்தார். "அத்தா, சிரிப்பு வெளிய கேக்குது!" என்று அதட்டினாள் ஷபானா. அவள்தான் சேனாதிபதி. அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

எனக்குப் பிடித்திருந்தது. மறைக்க மாட்டேன். வெளியே ஊர் எரிகிறது. உள்ளே நான் ராணி. யாருக்கு எத்தனை கரண்டி சோறு, யார் வெளியே போவது, எல்லாம் குழாயடியில் உட்கார்ந்து நாங்களே முடிவு செய்தோம். எந்தப் புருசனையும் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை. பெண்கள் பால் வாங்க இரண்டு மணி நேரம் விட்டார்கள். பால் பூத்தில் ஒரு பேச்சு. மத்தியானம் வீடு வீடாகச் சோதனையாம். ஆண்களை லாரியில் ஏற்றப் போகிறார்களாம். போத்தனூரில் என் அக்கா வீடு இருக்கிறது. இவரை அங்கே கொண்டுபோய் விடுவது என்று அங்கேயே முடிவு செய்தேன். "நல்லா விசாரிச்சுட்டுப் போ புள்ள" என்றாள் எதிர்வீட்டு ஜீனத் அக்கா. அவள் தன் புருசனை அனுப்பவில்லை. நான் விசாரிக்கவில்லை.

பர்தா போட மாட்டேன் என்றார் அவர். "ஏன்டி என்னைக் கேவலப்படுத்தற?" குழந்தைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ராணி உத்தரவு" என்றேன். குழந்தைகள் கை தட்டினார்கள். பயந்து கிடந்த மனிதரை வெட்கப்படுத்தி மாட்டிவிட்டேன். பொத்தானையும் நானே போட்டேன்.

சந்து முனையில் சாக்கடை. நான் துணியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு தாண்டினேன். ஷபானா தாண்டினாள். அவர் குனிந்தார். கீழ் ஓரத்தைப் பிடித்து முழங்காலுக்கு மேல் ஏற்றி, இடுப்பில் ஒரு செருகு. லுங்கி மாதிரியே பர்தாவை மடித்துக் கட்டுகிறார். ஆயுசு முழுக்கச் சாக்கடை தாண்டிய பழக்கம்.

"டேய், ஆம்பளைடா!"

ஏழெட்டுப் பேர். எல்லாம் சின்ன வயசு. என்னை ஒருவனும் தொடவில்லை. சைக்கிள் செயின் வைத்திருந்தவன் சொன்னான், "ஏனுங்க அம்மணி, நீங்க போங்க. பொம்பளைங்களை நாங்க ஒண்ணும் பண்ண மாட்டமுங்க." ஷபானாவிடம் குனிந்தான். "திரும்பிப் பாக்காம போயிரு கண்ணு." அந்த மரியாதையை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கட்டை விழுகிற சத்தம். பதினொன்று எண்ணினேன். பன்னிரண்டாவது வேறு மாதிரி கேட்டது. அவர் என் பேரைக் கூப்பிடவே இல்லை. நான் மகளை இழுத்துக்கொண்டு போனேன். நிற்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மத்தியானம் எந்தச் சோதனையும் வரவில்லை. மற்ற ஆறு ஆண்களும் ஞாயிற்றுக்கிழமை காலையில் பரணை விட்டு இறங்கினார்கள். டீ குடித்தார்கள். சிக்கந்தரை யார் அனுப்பியது என்று வாசலில் உட்கார்ந்து பேசினார்கள். பதில் சொல்ல எழுந்தேன். "ஆம்பளைங்க பேசறோமில்ல, உள்ள போம்மா" என்றார் ஜீனத் அக்கா புருசன். உள்ளே போனேன்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிச் சுவரில் செத்தவர்கள் பட்டியல் ஒட்டியிருந்தது. ஆண்கள் பக்கத்தை இரண்டு தடவை படித்தேன். அவர் இல்லை. ஒரு நிமிசம் உயிர் வந்தது. பக்கத்துப் பத்தியில் பெண்கள். ஒன்று. கறுப்புப் பர்தா. அடையாளம் தெரியவில்லை. துணியை விலக்கிப் பார்க்க யாருக்கும் நேரம் இருந்திருக்காது.

நாங்கள் இழந்தது இவ்வளவு. சிக்கந்தர், வயது முப்பத்து நாலு. பர்தா ஒன்று. ஷபானாவின் வலது கால் செருப்பு. அவள் பேச்சு, நாலு மாதத்துக்கு.

பட்டியலைத் திருத்தச் சொன்னேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "கையெழுத்துப் போடணுமுங்க. வீட்டு ஆம்பளை யாரையாச்சும் கூட்டிட்டு வாங்க."

எங்கள் வீட்டில் ஆம்பளை அவர் ஒருவர்தான்.