முகங்காட்டிப் பாறை

கேளுங்கய்யா, கேளுங்கம்மா. ரோடு இந்தப் பக்கம் எட்டிப் பாக்காத காலம். உப்பும் மண்ணெண்ணெயும் பொதிக்குதிரை முதுகுல ஏறி வந்த காலம். அந்தக் காலத்துல இந்தத் தட்டக்கானல் ஊர்ல ஒரு துரைசாணி இருந்தாக. எட்னான்னு பேரு. அமெரிக்காவுல பேர் வாங்கின நாடகக்காரி, படக்காரி. அவுகளைக் கண்டா ஊரே நடுங்கும்.

எங்க பூட்டி பாக்கியம் அந்த வீட்டுலதான் சமையல். நான் சொல்றதெல்லாம் பாக்கியம் சொல்லி, அவ மக சொல்லி, எங்கப்பா சொல்லிக் கேட்டது. எதுவும் கூடுதலா இருந்தா எங்கப்பா சேத்ததாத்தான் இருக்கும். அந்தாளுக்கு வாய் நீளம்.

எட்னாவோட அப்பன் நாடகக் கம்பெனி வச்சிருந்தாராம். ஊர் ஊராப் போற கூட்டம். நடை பழகுன கையோட புள்ளையை மேடையில ஏத்திட்டாகளாம். வளந்து ராணி வேசம் கட்டினாக. வாயைத் தொறந்தா கடைசி பெஞ்சுல தூங்குறவன் எந்திரிச்சு ஒக்காருவானாம். அப்படி ஒரு குரல். அந்தக் குரலுக்குக் கண்ணு பட்டுச்சோ என்னமோ, தொண்டையில நோவு வந்துச்சு. நோவு போச்சு, குரலும் கூடவே போச்சு. பேசினா வெறுங்காத்துதான் வரும்.

அழுதாகளா? அழுதிருப்பாக. அந்த நேரம் பாத்து ஊமைப் படம் வந்துச்சு. குரல் போனா என்ன, மொகம் இருக்கேன்னு அதுக்குப் போனாக. திரையில அவுக மொகம் வீட்டுக் கூரை அகலத்துக்குத் தெரியுமாம். புருவத்தைச் சுருக்கினா கொட்டகையே அழுமாம். கண்ணை விரிச்சா பொம்பளைக புள்ளையை இழுத்து மடியில வச்சுக்குவாகளாம். அப்புறம் படத்துக்கும் வாய் வந்துருச்சு. "அம்மா, இனிமே குரல் வேணும்"னு சொல்லி அனுப்பிவிட்டானுக. போக்கிடம் இல்ல. அவுக தம்பிக்காரர் இங்க மிசன் ஆஸ்பத்திரியில டாக்டர். அவரோட வந்து இருந்தாக.

இனிமேதான் பயம்.

ஒரு நாள் பாக்கியம் காப்பி கொண்டு போறா. துரைசாணி கண்ணாடி முன்னால நிக்கிறாக. சத்தம் இல்ல. மொகம் மட்டும் மாறுது. சிரிக்குது, கோவப்படுது, கெஞ்சுது, கழுத்தை நெரிச்ச மாதிரி நாக்கு தள்ளி, கண்ணு நட்டுக்கிட்டுச் சாகுது. செத்த மொகம் திரும்பி பாக்கியத்தைப் பாத்து, வெறுங்காத்துல "காப்பியா?"ங்குது. பாக்கியம் டம்ளரைப் போட்டுட்டு ஓடினவதான், ஓடைக்கரையில வந்துதான் நின்னா.

"என்னடி பாக்கியம்?"னு கேட்டாக தண்ணிக்கு வந்த பொம்பளைக.

"அந்தம்மா மொகத்துல ஒம்பது பேர் வந்து போறாக! செத்தவ கூட வர்றா!"

அவ்வளவுதான். அந்த வாரம் பொம்மக்கா வீட்டுக் கன்னுக்குட்டி செத்துச்சு. குறி சொல்ற கோடாங்கி உடுக்கையடிச்சுப் பாத்து, "மொகத்துல பேய் குடியிருக்கு"ன்னுட்டான். ஊர் மூப்பன் மந்தையில நின்னு சொன்னாரு: "அந்த மொகத்தை யாரும் பாக்கக் கூடாது. எதுக்க வந்தா தலையைக் குனி. பொம்பளைக முக்காடு போட்டுக்கங்க. பாத்தா குடும்பம் வெளங்காது." பாக்கியமும் வேலையை விட்டா.

துரைசாணிக்கு ஒண்ணும் வெளங்கல. சாயங்காலம் ஆனா ஓடைக்கு மேல இருக்கிற இந்தப் பாறையில வந்து நிப்பாக. சந்தைக்குப் போன பொம்பளைக அங்கிட்டுக் கரையில இருந்து மரப்பாலத்துல ஒவ்வொருத்தியா வருவாக. இவுக சிரிப்பாக, கும்பிடுவாக. ஒருத்தியும் நிமிர மாட்டா. வாழ்க்கை பூரா சனம் பாத்த மொகம்யா அது. பாக்க ஆளில்லாமப் போச்சு.

ஒரு சந்தை நாள். மேகம் கருகருன்னு எறங்குது. ஓடையில தண்ணி போற இரைச்சல், பக்கத்துல நின்னு கத்தினாலும் கேக்காது. அங்கிட்டுக் கரையில பொம்பளைக கூடையோட வந்து நிக்கிறாக. பாக்கியத்தோட மக செல்லக்கிளி முக்காட்டை இழுத்துவிட்டுக்கிட்டு பாலத்துல கால வச்சுட்டா. ஒத்தையா வந்த ஒரு கொம்பன் ஆனை, இங்கிட்டு, பாலம் முடியிற எடத்துல, மூங்கிலுக்குள்ள நிக்குது. அசையல. காது மட்டும் ஆடுது. அங்கிட்டு இருக்கிறவளுகளுக்கு மூங்கில்தான் தெரியும். மேல நிக்கிற துரைசாணிக்கு யானை தெரியுது.

கத்தவா? குரல் எங்க இருக்கு? கையை ஆட்டினாக. ஒருத்தியும் பாக்கல. பாக்கக் கூடாதே! செல்லக்கிளி குனிஞ்ச தலையோட நடக்குறா. ஒரு எட்டு வைக்கிறா. இன்னொரு எட்டு வைக்கிறா.

அங்கிட்டுக் கரையில நின்ன பாக்கியத்துக்கு என்ன தோணுச்சோ, நிமிந்துட்டா. பாத்தா, துரைசாணி பாறை விளிம்புக்கே எறங்கி வந்து நிக்கிறாக. வலது கை தும்பிக்கையா நீளுது. இடது கை காதா விசிறுது. அப்புறம் அவுகளே ஒரு பொம்பளையா மாறுறாக. அவளைத் தும்பிக்கை சுத்துது. தூக்குது. அடிக்குது. அவ வாய் பொளக்குது, கண்ணு நட்டுக்குது, சாகுறா. கண்ணாடியில பாத்த அதே செத்த மொகம்! ஆனா அன்னிக்குப் பாக்கியத்துக்கு வெளங்கிருச்சு. "அய்யோ, ஆனைடி!"

கத்துறா, மகளுக்குக் கேக்கல. பாலம் ஒரு ஆள் பாரம்தான் தாங்கும், பின்னால ஓடவும் வழியில்ல. கூடையில இருந்த கிழங்கை எடுத்து மக முதுகுல எறிஞ்சா. செல்லக்கிளி வெடுக்குனு தலையைத் தூக்கினா. எதுத்தாப்புல அந்த மொகம். பாக்கக் கூடாத மொகம். பயத்துல கீழ குனியப் பாக்குறா. அந்த மொகம் இப்ப சாகல. தாய் புள்ளைக்கு நடை பழக்குற மாதிரி, "என்னைப் பாரு, கீழ பாக்காத, மெதுவாப் பின்னால போ"ங்குது. வாய் பேசல. கண்ணுதான் பேசுது. செல்லக்கிளி அந்தக் கண்ணைப் பிடிச்சுக்கிட்டே காலைப் பின்னால வைக்கிறா.

மூங்கில் படபடனு ஒடிஞ்சுச்சு. கொம்பன் வெளிய வந்து திரும்பிருச்சு. பாறைப் பக்கம்.

பாக்கியம் தன் கையையே தும்பிக்கையாத் தூக்கிக் காட்டினா. "அம்மா, பின்னால! பின்னால!" துரைசாணி பாத்தாக. தெரியும்னு தலையாட்டினாக. ஆனா திரும்பல. திரும்பினா அந்தப் பொண்ணு நெலை தவறி ஓடையில விழுந்துருவா. சாவு முதுகுக்குப் பின்னால வருது, மொகத்துல ஒரு துளி பயம் இல்லையாம். அதுக்குப் பேர் நடிப்புன்னா, அதுக்கு மேல நடிப்பு ஒலகத்துல இல்ல.

செல்லக்கிளி கால் மண்ணுல பட்டுச்சு. மஞ்சு எறங்கி பாறையை மூடிருச்சு. மஞ்சுக்குள்ள என்ன நடந்துச்சுன்னு ஒருத்திக்கும் தெரியாது. சத்தம் இல்ல. கத்துறதுக்குக் குரல்தான் இல்லையே.

வெளிச்சம் வந்தப்புறம் ஆம்பளைக போய் உடம்பை எடுத்தாக. தம்பிக்காரர் வேதக்கோயில் கல்லறைத் தோட்டத்துல பொதைச்சாரு. ஊர் மூப்பன் வந்து தலைப்பாகையை அவுத்துட்டு, இந்தப் பாறைக்கு நேரா மொகத்தைத் தூக்கி நின்னாரு. நாள் பூரா நின்னாராம். யாரும் அவரைக் கூப்பிடல.

அன்னையிலிருந்து இது முகங்காட்டிப் பாறை. பாலத்துல கால் வைக்கிறவங்க முக்காட்டை எடுக்கணும், தலைத்துண்டை எடுக்கணும், எதுத்த கரையில நிக்கிற ஆளோட மொகத்தைப் பாக்கணும். அவுக தலையாட்டினாத்தான் கால் வைக்கலாம். கல்யாணப் பொண்ணும் அப்படித்தான். தாலி கட்டுறப்ப குனிஞ்ச தலை, இங்க வந்தா நிமிந்துரணும்.

எங்க வீட்டுக்காரி மொகத்தை நான் மொதமொதலா நல்லாப் பாத்தது, கல்யாணத்தன்னிக்கு இங்க நின்னுதான். அங்கிட்டுக் கரையில தனியா நின்னா. மொகம் பூரா பயம். ஆனை இருக்கா, இல்லையான்னு அவ என் மொகத்தைத்தான் பாத்தா. மூங்கிலைப் பாத்தேன், ஒண்ணுக்கு ரெண்டு தடவை பாத்தேன். அப்புறம்தான் "வா"ன்னு தலையாட்டினேன்.