சந்தேகக் காய்

மதியச் சாப்பாடு பிந்தினால் எனக்குக் கோபம் வரும். அதைத் தவிர இந்தப் பிரேம்சிங்கைப் பற்றிக் குறை சொல்ல போடியில் ஆள் கிடைக்காது. விசாரித்துப் பாருங்கள்.

எங்களுக்கு ஏலக்காய் வியாபாரம். அப்பாவின் கிட்டங்கியில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காய் பிரிப்பார்கள். நல்ல காய் ஒரு குவியல், வெடித்ததும் வெளுத்ததும் கழிவுக் குவியல். எதில் சேர்ப்பது என்று கை தயங்கினால் அது கழிவுதான். சந்தேகக் காய் ஒன்று நல்லதில் கிடந்தால் மூட்டைக்கே பெயர் கெட்டுவிடும். இதை இங்கே யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதே கிட்டங்கியின் மாடியில்தான் கம்ப்யூட்டர்களைப் போட்டேன். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று செயற்கைக்கோள் படங்களை அனுப்பும். எங்கோ ஒரு போர். எதிரி நாட்டுத் தண்டவாளம், பாலம், நிற்கும் ரயில்கள். ராணுவத்துடையது என்றால் சிவப்புக் கட்டம், மற்றதற்குப் பச்சை. எதற்காக என்று அவர்கள் சொன்னதில்லை. ஆனால் நாங்கள் சிவப்பு போட்ட பாலம் அடுத்த படத்தில் ஆற்றுக்குள் கிடக்கும். விமானங்கள் எங்கள் கட்டத்தைப் பார்த்துத்தான் போகின்றன என்று எனக்குத் தெரியும். வேலைக்கு வந்த பிள்ளைகளிடமும் மறைக்கவில்லை. சந்தேகம் என்றால் சிவப்பு என்று சொல்லிக்கொடுத்தேன்.

ஒருவர் போட்டதை இன்னொருவர் சரிபார்ப்பது வழக்கம். அன்று சாப்பாட்டுக்குக் கிளம்பும் நேரம், நான் சிவப்பு போட்ட சரக்கு ரயில் ஷாரோனிடம் போனது. எங்கள் சர்ச்சுப் பெண், கெட்டிக்காரி.

"அண்ணே, இதுல துணி காயுதுண்ணே. பெட்டிக்குப் பெட்டி கொடி கட்டியிருக்காக. பிள்ளைகுட்டியோட யாரோ தப்பிச்சுப் போறாக."

"சந்தேகம்னா சிவப்புன்னு சொல்லியிருக்கேன்ல? சோலியப் பாரு."

"எனக்குச் சந்தேகமே இல்லண்ணே. நீங்கதான் தப்பாப் போட்டுட்டீக."

அறையே திரும்பிப் பார்த்தது. பக்கத்து நாற்காலியில் சூர்யகலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் ஷாரோனுக்குப் பின்னால் போய் நின்று படத்தைப் பெரிதாக்கினேன். கொடி தெரிந்தது. துணிகள் சின்னச் சின்னதாக இருந்தன. நிதானமாகப் பார்த்துவிட்டு அப்படியே அனுப்பச் சொன்னேன். அவள் மவுஸிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். நானே அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போனேன். அயிரைமீன் குழம்பு, ஆறிப்போயிருந்தது.

மறுநாள் அதே இடத்தின் படம் வந்தது. சேதம் குறிப்பது என் பொறுப்பு. பெட்டிகள் சரிந்து கருகிக் கிடந்தன. பக்கத்து வயலெங்கும் கலர் கலராகப் புள்ளிகள். முழுச் சேதம் என்று குறித்தேன். ஷாரோன் பிறகு வேலைக்கு வரவில்லை. சர்ச்சில் என்னைக் கண்டால் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போகிறாள்.

எனக்கு ஒன்றுமே இல்லை என்று சொல்லமாட்டேன். மொட்டை மாடியில் கொடி கட்டக்கூடாது என்று என் மனைவி ஜெயபாக்கியத்திடம் சொல்லிவிட்டேன். காரணம் கேட்டாள், தூசி என்றேன். துணி வீட்டுக்குள்தான் காய்கிறது. போடிமெட்டு ஏறும்போது ஜீப்பில் கண்ணை மூடிக்கொள்கிறேன். மேலிருந்து பார்த்தால் ஊரில் எல்லா மாடியிலும் துணி தெரிகிறது. பயமாக இருக்கிறது.

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. ஷாரோன் மேல்தான் எனக்கு இன்னும் வருத்தம். எல்லார் முன்னாலும் சொல்லாமல் தனியாக வந்து சொல்லியிருந்தால், அந்த ரயிலை நான் விட்டிருப்பேன்.