ராணி வைத்த பலாக்கொட்டைக் குழம்பு

சடையப்பன்: இல்ல மாப்ள... ராணி அழுது முடிச்சி, மூக்கத் தொடச்சப்புறந்தான் கீழ எழுத்தே வருது!

இளவரசு: இருங்க மாமா, கடலூர்லேருந்தே பாத்துடறேன். படமெல்லாம் ஏத்தி வச்சிருக்கற சர்வர் நம்ம வீட்லதான கெடக்கு? உங்க சிதம்பரம் டிவியில ஓடறது... கொரியா தொடர், ஏழாவது பாகம். சரியா?

சடையப்பன்: அதேதான். எனக்குக் கொரியா பாஷயா தெரியும்? அந்தத் தமிழ் எழுத்த நம்பித்தான் ஒக்காந்திருக்கேன்.

இளவரசு: ரெண்டு செகண்டு முன்னாடி இழுத்துட்டேன். நிறுத்திட்டு மறுபடி போடுங்க.

சடையப்பன்: அய்ய... இப்ப ராணி வாயத் தொறக்கறதுக்குள்ள எழுத்து வந்துடுது!

இளவரசு: ஜாஸ்தியா இழுத்துட்டேன் போல. கொஞ்சம் பின்னாடி தள்ளுறேன்... இப்ப?

சடையப்பன்: ஆங்... வாயும் எழுத்தும் ஒண்ணா போவுது.

இளவரசு: அப்ப வச்சிடவா மாமா?

சடையப்பன்: என்னா அவசரம்? இந்தத் தமிழ யாரு எழுதுனது?

இளவரசு: அது... நெட்டுல கெடந்துது மாமா. எறக்கிப் போட்டேன். ஒரு நிமிஷம், லைன்லயே இருங்க... செல்வி, மியூட்ல போட்டுட்டேன். யாரு எழுதுனதுன்னு உங்கப்பா கேக்கறாரு. சொல்லிடவா?

தமிழ்ச்செல்வி: ஐயோ, வேணாம்! கலெக்டர் ஆபீஸ் வேலய வுட்டுட்டு இதத்தான் கிழிக்கிறாளான்னு கேப்பாரு. வேலய வுட்ட அன்னிக்கு எங்கூட பேச்ச நிறுத்துனவரு... இதயும் பாக்காம வுட்டுட்டார்னா?

இளவரசு: சரி சரி... நீயும் ராணியாட்டம் மூக்க உறிஞ்சாத.

தமிழ்ச்செல்வி: எழுத்து நல்லாருக்கான்னு மட்டும் கேளுங்க.

இளவரசு: ஆங், மாமா... தமிழு எப்படி? புரியுதா?

சடையப்பன்: எழுதுன ஆளு கெட்டி. மத்த படத்துல எல்லாம் கோர்ட்டு நோட்டீஸ் மாதிரி இருக்கும். இதுல அரமணையில சண்ட போட்டாலும் நம்ம பஸ் ஸ்டாண்டுல போடுறாப்ல இருக்கு.

இளவரசு: அப்பாடா...

சடையப்பன்: ஆனா ஒரு எடம் இடிக்குது. "நெத்திலி கருவாடு போட்டு பலாக்கொட்டக் கொழம்பு வச்சிருக்கேன், கோவத்த வுட்டுட்டு வந்து சாப்புடுங்க"ன்னு ராணி ராஜாவக் கூப்புடுறா. கொரியாவுல ஏது மாப்ள பலா மரம்?

இளவரசு: இருக்குமோ... என்னமோ...

சடையப்பன்: படத்த நிறுத்திப் பாத்தேன். கிண்ணத்துல கெடக்கறது முள்ளங்கி.

இளவரசு: தப்பா எழுதியிருப்பாங்க. மாத்தச் சொல்லிடறேன்.

சடையப்பன்: யாருகிட்ட? நெட்டுல கெடந்துதுன்னீங்க?

இளவரசு: மாமா... அது வந்து...

சடையப்பன்: நான் கோச்சிக்கினு படுத்துக் கெடந்தா, அதே கொழம்ப வச்சி அதே மாதிரி கூப்புடுற ஆளு எனக்குத் தெரிஞ்சி ஒண்ணுதான்.

தமிழ்ச்செல்வி: மியூட்ட அமுக்குங்க! சீக்கிரம்!

இளவரசு: அமுக்கிட்டேன்... அமுக்கிட்டேன்!

சடையப்பன்: உங்க மியூட்டு ஒரு நாளும் வேல செஞ்சதில்ல மாப்ள. அவ உறிஞ்சுறது வரைக்கும் கேக்குது. எழுத்த முன்ன பின்ன தள்ளுற பட்டன் இந்த ரிமோட்லயே இருக்கு. அத எப்பவோ கண்டுபுடிச்சிட்டேன். தெனம் நானே தள்ளி வுட்டுட்டுத்தான் உங்களுக்குப் போன் போடுறேன், பின்னாடி அவ கொரலு கேக்குமேன்னு... செல்வி, அந்த வரிய மாத்தாத. ஞாயித்துக்கெழம வா, கருவாடு வாங்கி வைக்கிறேன்.