கிள்ளிப் போட்ட திராட்சை

இல்லம்மா, பையைக் கீழ வைக்க வேண்டாம், மடியிலயே இருக்கட்டும். கனமெல்லாம் ஒண்ணுமில்ல. நீங்க உங்க வேலையப் பாருங்க, வெங்காயம் பாதியில கிடக்கு. கடை சாத்தியிருக்குன்னு வாசல்ல பலகை தொங்குறதப் பாத்துட்டுதான் உள்ள வந்தேன். கூட்டம் இருக்கும்போது உங்ககிட்ட யாரு பேச முடியும்? அன்னைக்கு வந்தப்பவே பாத்தேனே, ஆளாளுக்கு அக்கா, அக்கான்னு.

ஆமா, ஒருதடவை வந்திருக்கேன், எம் மக கூட. அதான், கண்ணாடி போட்டுக்கிட்டு, முடியக் குட்டையா வெட்டிக்கிட்டு, அந்த ஜன்னலோர மேசையில உக்காருவாளே, மாட்டு டாக்டர். அவளோட அம்மாதான். ஜாடை தெரியலையா? தெரியாது, அது அவ அப்பா மூக்கு. எங்கிட்ட இருந்து எடுத்துக்கிட்டது பிடிவாதம் மட்டும்தான், அது மூஞ்சியில தெரியாதுல்ல.

சூப்பா? எதுக்கும்மா, நான் சாப்பிட்டுட்டுதான்... சரி, ஊத்திட்டீங்க, குடுங்க.

ம்.

நல்லாத்தான் இருக்கு. உப்பு ஒரு கல்லு கம்மி. ஐயோ, எந்திரிக்காதீங்க, பரவால்ல. பால் ஊத்தாம இவ்வளவு கெட்டியா எப்பிடி? முந்திரியா? நானும்தான் முந்திரி அரைக்கிறேன், எனக்கு மணலாட்டம் வருது. ஓ, சுடுதண்ணியில ஊறப்போடணுமா. அது சரி. அதத்தான் யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க.

நீங்க ரொம்ப நாளாவே இப்பிடித்தானா, பால் முட்டை எதுவும் தொடாம? எங்க வீட்டுல இதெல்லாம் புதுசு. வீகன்னு அவ முதல்ல சொன்னப்ப ஏதோ காய்ச்சல் பேருன்னு நினைச்சேன். நெத்தியத் தொட்டுக்கூடப் பாத்தேன். ஒருநாள் ஒரு பால் பண்ணையிலேருந்து அவளைக் கூப்பிட்டிருக்காங்க. கன்னு ஈன்ற பசுவப் பாக்கப் போயிருக்கா. கன்னை உடனே பிரிச்சு வேற கொட்டகைக்குக் கொண்டுபோயிட்டாங்களாம். அந்தப் பசு தொண்டை கட்டுற வரைக்கும் கத்துச்சும்மா, அங்க குடுத்த டீயே எனக்கு இறங்கலைன்னா. அன்னைக்கோட பால், தயிர், வெண்ணெய் எல்லாம் போச்சு. அப்புறம் முட்டை, தேன்கூட. அவங்கப்பா விடுவாரா? உம் மக இனிமே பசுவுக்கு வைத்தியம் பாக்க மாட்டா, பங்காளியாப் போயிட்டா, ஒரே தீவனம்தான்னு ஒரு வாரம் ஓட்டினாரு. பெரியவன் ஒருத்தன் இருக்கான், கல்யாணமாகித் தனியா இருக்கான். அவன் நான் எதைப் போட்டாலும் முழுங்கிட்டு ஏப்பம் விடுவான். இவதான்.

நான் சிரிக்கல. பசு கத்துச்சுன்னு அவ சொன்னது என் காதுலயே நின்னுச்சு. அதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடிதான் அவ வேலை பாக்குற மாட்டாஸ்பத்திரிக்குப் பக்கத்துல ரூம் பாத்துக்கிட்டு வீட்ட விட்டுப் போனா. நான் கத்தலை. அவ்வளவுதான் வித்தியாசம்.

சூப் ஆறுதா? குடிக்கிறேன், குடிக்கிறேன்.

வெளிய சாப்பிடப் போனா பெரிய கூத்தும்மா. அவங்கப்பா ரிட்டயர் ஆனப்ப ஒரு பெரிய ஓட்டலுக்குப் போனோம். மேசையில துணியெல்லாம் விரிச்சு, கிளாசுக்குள்ள நாப்கின் பூ மாதிரி நின்னுக்கிட்டிருந்துச்சு. இவ பரிமாறுறவரை நிக்க வச்சுக் கேக்குறா. சூப்புல வெண்ணெய் உண்டா, ரொட்டியில பால்பவுடர் உண்டா, பொரிக்கிற எண்ணெயிலதான் மீனையும் பொரிப்பீங்களான்னு. பாவம் மனுசன், சமையக்கட்டுக்கும் மேசைக்கும் நடந்து நடந்து அவரு சாப்பிட்டதே செரிச்சிருக்கும். அவங்கப்பா மெனு கார்டுக்குப் பின்னாடி மூஞ்சிய ஒளிச்சுக்கிட்டாரு. கடைசியில அவ தட்டுல என்ன வந்துச்சு தெரியுமா? வேகவச்ச உருளைக்கிழங்கு. மேல ஒரு கொத்து தழை. பரிமாறுறவரு எங்கிட்ட குனிஞ்சு மெதுவா கேட்டாரு, பாப்பாவுக்கு வயித்துல ஆபரேசனான்னு.

சிரிங்க, சிரிங்க. இப்ப நினைச்சா எனக்கும் சிரிப்புதான். அன்னைக்கும் எனக்கு வருத்தமில்ல. ஏன்னா அவ எல்லாரையும்தான் கேக்குறா. ஓட்டல்காரனைக் கேக்குறா, கல்யாண வீட்டுல கேக்குறா, அண்ணியைக் கேக்குறா. அப்ப என்னையும் கேட்டா என்ன தப்பு? அம்மா, இதுல என்ன போட்ட? அம்மா, கரண்டி எந்தக் கரண்டி? நானும் பள்ளிக்கூடத்துல ஒப்பிக்கிற மாதிரி சொல்லுவேன். எண்ணெய்தாண்டி, தனிக் கரண்டிதாண்டி, கடவுள் மேல சத்தியமாடி. அவளுக்குன்னு பச்சைப் பிடி போட்ட கத்தி, பச்சை மூடி டப்பா எல்லாம் வாங்கி வச்சேன். அப்பவும் கேப்பா. சரி, அவ சுபாவம்னு மனசத் தேத்திக்கிட்டேன்.

அப்புறம்தான் இங்க கூட்டிட்டு வந்தா.

அந்த மேசையிலதான் உக்காந்தோம். நீங்க வந்தீங்க, அவளைப் பாத்து என்ன வேணும்னுகூடக் கேக்கல. ஒரு தட்டக் கொண்டாந்து வச்சீங்க. அவளும் என்னன்னு பாக்கல. எங்கிட்ட ஏதோ பேசிக்கிட்டே எடுத்து வாயில போட்டா. மென்னா. முழுங்கினா. நான் அவ வாயையே பாத்துக்கிட்டு இருந்தேன். இப்ப கேப்பா, இதோ இப்ப கேப்பான்னு. கேக்கலம்மா. ஒரு வார்த்தை கேக்கல.

எனக்கு வயித்தெரிச்சல்தான், வேற என்ன சொல்றது? உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன. வீட்டுக்குப் போய் சாமி முன்னாடி உக்காந்தேன். எல்லாருக்கும் நல்லது பண்ணுன்னு வழக்கமா வேண்டுற வாய், கடவுளே அந்தக் கடைக்கு ஆளே வரக்கூடாதுன்னு வேண்டிடுச்சு. உடனே வாயில அடிச்சுக்கிட்டேன். மன்னிச்சுக்கோ, வரட்டும், நல்லா வரட்டும், இவ ஒருத்தி மட்டும் வர வேண்டாம்னு மாத்தி வேண்டினேன். அது பலிக்கல. நேத்துகூட வந்திருக்கா போல.

கோவமில்லையே உங்களுக்கு? நல்ல மனசும்மா. அதுவேற எனக்கு எரியுது.

அவ ரூமுக்குப் போனா உங்க கடைப் பெட்டி. பச்சை இலை படம் போட்டு, சணல் கயிறு கட்டிக் குடுப்பீங்களே, அந்தப் பெட்டியில கிளிப்பு, ரப்பர் பேண்டெல்லாம் போட்டு வச்சிருக்கா. நான் குடுத்தனுப்புன டப்பா அலமாரிக்கு மேல கவுந்து கிடக்கு. உள்ள இருந்தது என்னாச்சுன்னு நான் கேக்கல. எனக்குத் தெரியும்.

காரணம் இல்லாம இல்லம்மா. இருக்கு. நீங்க நினைக்கிற மாதிரி அவ நெஞ்சழுத்தக்காரி இல்ல.

போன வருசம் அவ பிறந்த நாளுக்கு நான் பழ ரொட்டி செஞ்சேன். உருண்டையா, பேரீச்சையும் திராட்சையும் போட்டு. அவளுக்குப் பல்லு முளைச்ச வருசத்துல இருந்து அதுதான் எங்க வீட்டுல பிறந்த நாளு. பால் இல்ல, முட்டை இல்ல, மாவுல எண்ணெய் ஊத்திப் பிசைஞ்சேன். மேல மினுமினுப்புக்கு முட்டை தடவுவேன், அதுக்குப் பதிலா சர்க்கரைப் பாகு. எல்லாம் சரி. ரெண்டு துண்டு சாப்பிட்டா. கண்ணை மூடிக்கிட்டு சாப்பிட்டா. அப்புறம் தண்ணி எடுக்க சமையக்கட்டுக்குப் போனவ திரும்பி வரல. போய்ப் பாத்தா, அடுப்பு மேடையில வெண்ணெய்க் காகிதம் கிடக்கு, அதையே பாத்துக்கிட்டு நிக்கிறா. ரொட்டி ஒட்டாம இருக்க டின்னுல தடவியிருக்கேன். நான் தடவலம்மா, கை தடவியிருக்கு. இத்தனை வருசமா தடவின கை. மனசு எண்ணெய் எண்ணெய்ன்னு ஜபிச்சுக்கிட்டு இருக்கு, கை அதுபாட்டுக்குப் போய் வெண்ணெயை எடுத்துருக்கு.

திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும். திட்டல. குளியலறைக்குப் போயி கதவைச் சாத்திக்கிட்டா. குழாயைத் திறந்து விட்டுட்டு வாந்தி எடுத்தா, எனக்குக் கேக்கக் கூடாதுன்னு. வெளிய வந்து, பரவால்லம்மா, தெரியாமத்தானேன்னா. அதுக்கப்புறம்தான் இந்தக் கேள்வியெல்லாம் வேற மாதிரி ஆயிடுச்சு. முன்னாடியும் கேப்பா, நான் சொன்னதும் சாப்பிடுவா. இப்ப நான் சொன்னதுக்கு அப்புறம் ஒரு நொடி நிக்கிறா. நம்பலாமா வேண்டாமான்னு. அந்த ஒரு நொடிதாம்மா. வேற ஒண்ணும் இல்ல.

வெங்காயத்துனாலதான். எனக்கு வெங்காயம்னா அப்பிடித்தான் கண்ணு கரிக்கும்.

அதுலேருந்து வருசம் பூரா செஞ்சு செஞ்சு பாத்தேன், அவளுக்குத் தெரியாம. எண்ணெய் அதிகமானா சவசவன்னு இருக்கு, கம்மியானா வறண்டு போகுது. அவங்கப்பாதான் பலியாடு. ஒருநாள் ஒரு துண்டை ஜன்னல்ல வச்சுட்டு, அங்க பாரு, காக்காகூட மோந்து பாத்துட்டு யோசிக்குதுன்னாரு. ஆனாலும் பொறுமையாத் தின்னாரு. கொண்டைக்கடலை வேகவச்ச தண்ணி இருக்குல்ல, கீழ ஊத்துறோமே, அதை அடிச்சா முட்டை மாதிரி நுரைச்சு வருதுன்னு ஒரு வீடியோவுல பாத்தேன். அதை ஊத்தின அன்னைக்குதான் ரொட்டி பழைய ரொட்டி மாதிரி எந்திரிச்சுச்சு. அவரு மூணாவது துண்டுக்குக் கை நீட்டினாரு. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

இன்னைக்குப் பிறந்த நாளுக்குக் குடுக்கணும்னுதான் இருந்தேன். முந்தாநாள் போன் பண்றா. அம்மா, பிறந்த நாளன்னைக்குச் சாயங்காலம் நீயும் அப்பாவும் அக்கா கடைக்கு வந்துடுங்க, ஆஸ்பத்திரி ஆளுங்களும் வர்றாங்க, அக்காகிட்ட உன்னோட பழ ரொட்டி செய்யச் சொல்லியிருக்கேன்னா.

என்னோட ரொட்டி. உங்க கையால.

சரிடி கண்ணுன்னு சொல்லிட்டுப் போனை வச்சேன். கழுவி வச்ச பாத்திரத்தையெல்லாம் எடுத்துத் திரும்பக் கழுவினேன்.

என்ன? அவ அப்பிடியா சொன்னா? அம்மா செய்ற மாதிரியே வேணும்னா? வேற என்ன சொன்னா? திராட்சைய முழுசாப் போடக் கூடாது, கிள்ளிப் போடணும்னா? ஐயோ, அதையும் சொன்னாளா. அது சின்ன வயசுல அவ தொண்டையில ஒருதடவை மாட்டிக்கிச்சும்மா. அதுலேருந்து ஒவ்வொண்ணையும் ரெண்டாக் கிள்ளிப் போட்டு, அதே பழக்கமாயிடுச்சு. அது அவளுக்குத் தெரியும்னே எனக்குத் தெரியாது. நீங்க கிள்ளினீங்களா? கத்தியிலயா? ம், அவசரத்துல வேற எப்பிடி. கத்தின்னா வெட்டின பக்கம் வழவழன்னு இருக்கும். நகத்துல கிள்ளினா ஓரம் பிசிறி, மாவோட ஒட்டிக்கும்.

அதோ, அதானா? பெட்டியில வச்சாச்சா. நல்ல நிறம். நல்லா வந்திருக்கு, பொய் சொல்லக் கூடாது.

அந்தக் கயிறை இன்னும் கட்டலையே?

இல்ல... இந்தப் பையில ஒண்ணு இருக்கு. காலையில செஞ்சது. வெண்ணெயை நேத்தே கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டு ஃப்ரிஜ்ல வச்சுட்டேன், கை போனாலும் கிடைக்கக் கூடாதுன்னு. அவங்கப்பா வெறும் ரொட்டியத் தின்னுட்டு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்காரு. நீங்க என்னைக் கேளுங்க, என்னென்ன போட்டேன்னு ஒண்ணொண்ணா கேளுங்க, சொல்றேன். என்னது, டின்னுக்கு என்ன தடவினீங்கன்னா? பாத்தீங்களா, நீங்களும் அதையேதான் கேக்குறீங்க. எண்ணெய்ம்மா. டின்னே புதுசு.

உங்க ரொட்டிய எங்கிட்ட குடுங்க, அவரு ஆசையாச் சாப்பிடுவாரு. இதை அந்தப் பெட்டியில வச்சுக் கயிறு கட்டிடுங்க. அவ்வளவுதான். நீங்க பொய்யெல்லாம் சொல்ல வேண்டாம், உங்களைப் பாவத்துல இழுக்க மாட்டேன். அவ கேட்டா உள்ளதச் சொல்லிடுங்க. ஆனா உங்ககிட்ட அவ கேக்க மாட்டா. நான் அந்த மூலையில உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கேன், போதும்.

திராட்சையப் பாத்தாலே கண்டுபிடிச்சிடுவாளா? கண்டுபிடிக்கட்டும்மா. உங்க தட்டை அவ பாக்குறதே இல்லையே, வாயில வச்சப்புறம்தானே கண்டுபிடிக்க முடியும்.