கூரையில் ஒரு உம்மா

அட்டாளைச்சேனையில் பஸ் ஏறி என் முன் சீட்டில் அமர்ந்த பெண், கூட வந்த தன் அக்காவிடம் சொன்னாள்:

"ராத்தா, எங்கட கூரையில ஒரு உம்மா இரிக்கா."

"ஆருகா அது?"

"தாய் வௌவால்தான். நம்மளக் கடிக்கிற நுளம்பத் திண்ற பெருவிரலளவு வௌவால். நேத்து அதுட குட்டி கீழ உழுந்திட்டு. எண்ட மாப்புள தூக்கி எறியச் சென்னார். நான் உடல்ல. துணியால புடிச்சி, சுவருல ஒசரமாத் தொங்க உட்டன்."

"தாய் வந்திச்சா?"

"பொழுது பட்டு, மஃரிபு தொழுகைக்குப் பொறகு வந்திச்சி. குட்டி அதுட வயித்தோட ஒட்டிக்கிட்டு. அந்தச் சின்ன உடம்பு, புள்ளையையும் சுமந்துக்கிட்டு ஓட்டுக்குள்ள பறந்து பெயித்து ராத்தா!"

அவள் குரல் உயர்ந்ததில் பலர் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒண்ட மாப்புள என்ன சென்னார்?"

"ஓட்டு இடுக்க அடைக்கச் சீமெந்து வாங்கி வெச்சிருந்த மனிசன், இப்ப பள்ளிவாசல்ல எல்லாருக்கும் 'எங்கட வௌவால்'ண்டு செல்லித் திரியிறார்."