இதோ வர்றேண்ணா

லிஃப்ட் வரத் தாமதமானால் நீங்களும் பொத்தானை மறுபடி மறுபடி அழுத்துவீர்கள், சார். அதில் ஒரு விளக்கு எரிந்துவிட்டால் பேசாமல் நிற்பீர்கள். லிஃப்ட் கிளம்பியதா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை. அப்படிப்பட்ட பொத்தான்களையும் திரைகளையும் வடிவமைப்பதுதான் என் தொழில்.

மனைவியின் அண்ணன் மூச்சுக் கோளாறோடு எங்கள் வீட்டில் வந்து படுத்தபோது, கட்டிலருகே அழைப்புப் பொத்தான் பொருத்திக் கொடுத்தவனே நான்தான். அழுத்தினால் சமையலறையில் மணி அடிக்கும். ஓயாமல் அடித்தது. தண்ணீர் வேண்டும், தலையணையை நகர்த்த வேண்டும், ஜன்னலைச் சாத்த வேண்டும். மனைவி போட்டது போட்டபடி ஓடுவாள். நான் எட்டிப் பார்த்தால் இருவர் பேச்சும் சட்டென்று நின்றுவிடும். இந்த மனிதருக்கு நோயே இல்லையோ என்று சந்தேகம் தட்டியது. டாக்டரையும் நான் நம்பவில்லை. அவர் மச்சானோடு படித்தவர்.

"ஒங்களுக்கு யாரைத்தான் நம்ப முடியுது?" என்றாள் மனைவி.

அவள் வேலை விஷயமாக வெளியூர் கிளம்பியதும், மணிக்குப் போகும் ஒயரைக் கழற்றினேன். அழுத்தினால் பச்சை விளக்கு எரியும். முன்பே பதிந்து வைத்திருந்த அவள் குரல், "இதோ வர்றேண்ணா" என்று சொல்லும். அவ்வளவுதான். நடிக்கிறவராக இருந்தால் பொறுமை இழந்து எழுந்து வருவார் என்று கணக்குப் போட்டேன்.

மதியம் அழுத்தினார். ஆக்சிஜன் குழாய் நழுவிக் கட்டிலுக்குக் கீழே கிடந்தது.

"இதோ வர்றேண்ணா."

அவர் முகம் தெளிந்தது. கதவைப் பார்த்து, "வந்துட்டியாம்மா?" என்றார். பிறகு காத்திருந்தார். மறுபடி அழுத்தினார்.

ஊரிலிருந்து வந்த மனைவி, அந்தப் பொத்தானைத் தானே அழுத்திப் பார்த்தாள். தன் குரலைக் கேட்டதும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் புகார் கொடுத்தது அதற்கப்புறம்தான்.

அந்த நேரம் எங்கே இருந்தாய் என்று கேட்கிறீர்கள். கதவிடுக்கில் நின்றுகொண்டிருந்தேன், சார். சோதனை நடக்கும்போது உதவிக்குப் போகக் கூடாது. போனால் முடிவு கெட்டுவிடும். எங்கள் தொழிலில் இது பாலபாடம்.

அவர் கடைசிவரை எழுந்து வரவில்லை. மச்சான்மேல் இப்போது எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.